பனியறியாத் தீவின் வெற்றிக் கணக்கு

லண்டனின் ஐஸ் அரங்குகளில் 1949 முதல் கோப்பைகளை அள்ளிய பினாங்கு, குளிர்கால விளையாட்டுகளில் இன்று எங்கே நிற்கிறது? நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டா?

ஜார்ஜ்டவுன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். நாணய மாற்றுக் கடைகளில் அன்றைய விலைப் பலகை வெளியே வந்திருக்கும். அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோ வரிசையில் சுவிஸ் பிராங்கும் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து கடல் கடந்து வந்த காதர் மைதீன் சூலியா மக்களின் கப்பித்தானாக இருந்து, 1801-ல் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைத்தான் இந்தச் சாலை தாங்கி நிற்கிறது. பிட் ஸ்திரீட் என்று வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயரைச் சொல்லுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், ஓர் எட்டு தள்ளிப் போனால் குவீன் தெரு மாரியம்மன் கோயில் என்று எல்லாச் சாமிகளும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் இடம் இது.

எல்லா நாட்டுக் காசும் புழங்கும் இந்தச் சாலையில் ஒரு துளி வெண்பனி விழுந்ததில்லை. பினாங்கு, பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைத் தொலைவில் இருக்கிறது. இங்கே விடியற்காலையில்கூடப் போர்வை தேவைப்படுவது அபூர்வம். ஆனாலும் குளிர்நாட்டுக்காரர்களின் விளையாட்டில், அவர்களுடைய ஊரிலேயே, அவர்களுடைய குளிர்காலத்திலேயே போய் ஜெயித்தவர்கள் இந்தத் தீவில் பிறந்திருக்கிறார்கள். அவர்கள் ஜெயித்த விதத்தை இன்று நினைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. மலேசியா இப்போதுதான் குளிர்கால ஒலிம்பிக் வாசலைத் தாண்டியிருக்கிறது. உள்ளே போகும் வழியை நம் முன்னோடிகள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள்.

1949 பிப்ரவரி: பிரஸ்டன் நகரம்

பூப்பந்து நமக்கு மாலை வெயில் தாழ்ந்ததும் ஆடும் ஆட்டம். பிரிட்டனில் அது குளிர்கால விளையாட்டு. கோடையில் கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆடிவிட்டு, வெளியே கால் வைக்க முடியாத மாதங்களில் கூரைக்கு அடியில் ஆடுவதற்கு அவர்கள் வைத்திருந்த ஆட்டம். அக்டோபரில் தொடங்கும் பருவம், மார்ச் மாதத்து அகில இங்கிலாந்துப் போட்டியோடு உச்சத்துக்கு வரும்.

அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத் தலைவர் சர் ஜார்ஜ் தாமஸ், நாடுகளுக்கு இடையே ஒரு கோப்பைப் போட்டி நடத்தலாம் என்று 1939-ல் சொன்னார். உலகப் போர் குறுக்கே வந்தது. முதல் தாமஸ் கோப்பை 1948–49 பருவத்தில்தான் நடந்தது. பத்து நாடுகள் பெயர் கொடுத்தன. பசிபிக் வட்டாரத்திலிருந்து களத்தில் நின்றது மலாயா மட்டுமே.

அன்றைய மலாயா எப்படிப்பட்ட நாடு? சரியாகச் சொன்னால் நாடே இல்லை. ஜப்பானியர் ஆட்சி முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. மலாயாக் கூட்டமைப்பு 1948 பிப்ரவரியில் பிறந்தது. அதே ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சுதந்திரம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. ஒலிம்பிக்கில் மலாயாவின் பெயர் முதன்முதலில் ஒலித்தது 1956 மெல்பர்னில்தான். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, அடிமைப்பட்ட ஒரு சிறு நிலத்தின் இளைஞர்கள் சிலர் பிரிட்டனின் பிப்ரவரிக் குளிரில் போய் இறங்கினார்கள். அவர்களில் வோங் பெங் சூன் இருந்தார். பினாங்கின் ஊய் தெய்க் ஹொக் இருந்தார். தியோ செங் கூன், ஓங் போ லிம் போன்றவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிந்திய பிரிட்டனில் அன்று துணிக்கே ரேஷன். கூப்பன் இல்லாமல் ஒரு கம்பளிச் சட்டை வாங்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நீங்கியது அடுத்த மாதம், 1949 மார்ச்சில்.

கிளாஸ்கோவில் அமெரிக்காவுடன் மோதினார்கள். இரு தரப்பிலும் ஒருவர்கூட எதிரணியின் ஆட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்பது ஆட்டங்களில் ஆறு மலாயாவுக்கு, மூன்று அமெரிக்காவுக்கு. இறுதி ஆட்டம் பிரஸ்டனில் டென்மார்க்குடன். ஐரோப்பாவின் பூப்பந்து ராஜாங்கம் அது. மலாயா எட்டுக்கு ஒன்று என்று வென்றது. தாமஸ் கோப்பையில் பொறிக்கப்பட்ட முதல் பெயர் நம்முடையது.

குளிர் அங்கே வெறும் உடல் துன்பமாக மட்டும் நிற்கவில்லை. ஆட்டத்துக்குள்ளேயே அது புகுந்துவிடும். பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு தக்கைக் குமிழ், அதில் செருகிய பதினாறு இறகுகள், மொத்தம் ஏறக்குறைய ஐந்து கிராம். இத்தனை லேசான பொருளுக்குக் காற்றுதான் எஜமான். வெப்பக் காற்று இளகியது, பந்து விரைந்து பறக்கும். குளிர்காற்று அடர்த்தியானது, பந்தை இழுத்துப் பிடிக்கும். பினாங்கில் பின்கோடு வரை போகும் அடி, பிரஸ்டனில் கோட்டுக்கு முன்னாலேயே இறங்கிவிடும். அதனால்தான் நாட்டுக்கு நாடு, பருவத்துக்குப் பருவம் வேறு வேறு வேகத்துப் பந்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெப்ப நாட்டில் கை பழகிய ஒருவர் அங்கே போய்த் தன் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். நம்மவர்கள் அதைப் போட்டார்கள், ஜெயித்தார்கள்.

ஐஸ் அரங்குகளில் நம்மவர்கள்

கோப்பை வென்ற கையோடு 1949 மார்ச்சில் அகில இங்கிலாந்துப் போட்டி. இரட்டையர் பட்டத்தை ஊய் தெய்க் ஹொக், தியோ செங் கூன் ஜோடி வென்றது. ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை போன ஊய், அமெரிக்காவின் டேவ் ஃப்ரீமனிடம் தோற்றார். ஆட்டம் நடந்த இடம் லண்டனின் ஹாரிங்கே அரங்கம். ஐஸ் ஹாக்கியால் பெயர் பெற்ற அரங்கம் அது.

அடுத்த ஆண்டு போட்டி ஏர்ல்ஸ் கோர்ட் எம்பிரஸ் ஹாலுக்கு மாறியது. அதுவும் ஐஸ் ஹாக்கியும் ஐஸ் நாட்டியக் காட்சிகளும் நடந்த கூடம். 1957-ல் வெம்பிளி எம்பயர் பூலுக்குப் போனது. நீச்சல் குளமாகக் கட்டப்பட்ட அந்த மாளிகை, குளிர்காலத்தில் ஐஸ் தளமாக மாறிப் புகழ் பெற்றது. ஆக, உலகப் பூப்பந்தின் மிகப் பெரிய பட்டப் போட்டி மூன்று ஐஸ் அரங்குகளில் அடுத்தடுத்து நடந்தது. அந்த மூன்றிலும் மலாயாக்காரர்கள் வென்றிருக்கிறார்கள்.

ஜொகூர்க்காரரான வோங் பெங் சூன் 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் ஒற்றையர் பட்டம் பெற்றார். பினாங்கில் 1930-ல் பிறந்த எடி சூங் 1953, 1954, 1956, 1957 என்று நான்கு முறை வென்றார். தம் சகோதரர் டேவிட் சூங்குடன் சேர்ந்து 1951 முதல் தொடர்ந்து மூன்று முறை இரட்டையர் பட்டமும் எடுத்தார். உயரம் குறைந்த மனிதர். நெட்டை நெட்டையான ஐரோப்பியர்களுக்கு எதிரே துள்ளி எழும்பி அந்தரத்திலிருந்து அடித்த அடி, இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகும் அடியாகிவிட்டது. 1950 முதல் 1957 வரை எட்டு ஆண்டுகளில் எட்டு ஒற்றையர் பட்டங்களும் மலாயாவுக்கே வந்தன. இரண்டு பேர் ஆளுக்கு நான்காகப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழரின் பங்கும் இதில் உண்டு. பினாங்குக்குப் பக்கத்து ஊரான சுங்கைப்பட்டாணியில் 1944-ல் பிறந்தவர் பஞ்ச் குணாளன். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். 1971 மார்ச்சில் அதே வெம்பிளியில் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைப் பிடித்தார். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். பிறகு உலகச் சம்மேளனத்தின் உயர் பொறுப்பு வரை போனார். ஒரு தமிழ்ப் பிள்ளை குளிர்நாட்டு அரங்கில் போய் நிற்க முடியுமா என்று கேட்பவருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த பதில் குணாளன்.

உண்மையான பனியில் இறங்கியவர்கள்

பூப்பந்து அரங்கத்துக்கு வெளியே, அசல் பனியும் ஐஸும் இருந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அன்று என்ன நடந்தது? 1948-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் 28 நாடுகள் கூடின. சிலி, லெபனான், தென் கொரியா, ஐஸ்லாந்து, டென்மார்க் ஆகியவை முதன்முறையாக வந்தன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலான நாடுகளுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.

இந்தியாவின் பெயர் முதலில் பதிந்தது 1964-ல், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில். போனவர் ஒரே ஒருவர், ஜெரமி புஜகோவ்ஸ்கி. போலந்து வம்சத்தவர். உலகப் போர் துரத்திய குடும்பம் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தது. தஞ்சம் கொடுத்த நாட்டுக்காக அவர் பனிச்சறுக்கில் இறங்கினார். 1968-ல் பிரான்ஸின் கிரனோபிளிலும் இந்தியாவுக்காக ஆடினார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தியாவின் குளிர்கால ஒலிம்பிக் வரலாறு அகதியாக வந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

இன்ஸ்புருக் இன்னொன்றையும் காட்டியது. ஆல்ப்ஸ் மலையிலேயே அந்த ஆண்டு பனி பொய்த்தது. ஆஸ்திரிய ராணுவ வீரர்கள் 20,000 ஐஸ் பாளங்களையும் 40,000 கன மீட்டர் பனியையும் மலை உச்சியிலிருந்து சுமந்து வந்து தடங்களில் கொட்டினார்கள். பயிற்சியின்போது ஆஸ்திரேலியாவின் ராஸ் மில்ன் என்ற 19 வயது இளைஞர் உயிரிழந்தார். பனிக்குப் பழகாத நாடுகளுக்கு இந்த விளையாட்டு கேட்கும் விலை எவ்வளவு பெரியது என்று உலகம் அன்று உணர்ந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் இயந்திரம் செய்த பனியிலேயே நடந்தது. வானம் கொடுக்காததை மனிதர் ஏற்பாடு செய்கிறார்கள். குளிர்நாடுகளே அப்படிச் செய்யும்போது, நமக்கு மட்டும் வானிலை எப்படித் தடையாகும்?

பினாங்கைவிடச் சிறிய நாடு

நாட்டின் சிறிய அளவும் தடை ஆகாது. லிக்டன்ஸ்டைன் என்ற நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் பெரியது. லிக்டன்ஸ்டைனின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 40,000. 1936-ல் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன அந்த நாடு, நாற்பது ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பியது. 1976-ல் இரண்டு வெண்கலம். 1980-ல் ஹன்னி வென்ஸல் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 2018 வரை மொத்தம் பத்துப் பதக்கங்கள், பத்தும் பனிச்சறுக்கில்.

அந்தப் பத்தையும் பிரித்துப் பார்த்தால் ஒன்பது பதக்கங்கள் இரண்டே குடும்பங்களுக்குச் சொந்தம். ஹன்னி, அவர் தம்பி ஆண்ட்ரியாஸ், 2018-ல் வெண்கலம் வென்ற ஹன்னியின் மகள் டீனா வைராதர் ஆகியோர் ஒரு குடும்பம். வில்லி, பால் என்ற ஃப்ரோமெல்ட் சகோதரர்கள் இன்னொன்று. பினாங்கின் சூங் சகோதரர்களை நினைத்துப் பாருங்கள். 1992 பார்சலோனாவில் மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த ரசீஃப், ஜலானி சிடெக் சகோதரர்களையும் நினைத்துப் பாருங்கள். சிறிய நாடுகளின் விளையாட்டு எப்போதும் ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. அண்ணன் ஆடுவதைத் தம்பி பார்க்கிறான், அம்மா கூட்டிப் போகிறார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஆடுவதற்கு ஓர் இடம் இருந்தால் போதும். அந்த இடத்தைக் கொடுப்பது ஊரின் வேலை, அரசின் வேலை.

இருபத்தைந்தாவது இடம்

மலேசியா முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது 2018-ல், தென் கொரியாவின் பியோங்சாங்கில். போனவர்கள் இருவர். பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப். அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர், மலை அங்கே இருந்தது. மற்றவர் ஜூலியன் யீ, கோலாலம்பூர்ப் பையன். ஐஸ் ஸ்கேட்டிங் பழகியது சன்வே பிரமிட் பேரங்காடியின் ஐஸ் தளத்தில். வார இறுதிக் கூட்டம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தடுமாறி நடக்கும் அதே தளம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு கனடா போய்ப் பயிற்சி எடுத்தார். 2017-ல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். அதே ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் ஐஸ் ஸ்கேட்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் தங்கமும் அவருக்கே.

பியோங்சாங்கில் அவர் பிரிவில் முப்பது பேர் இறங்கினார்கள். முதல் சுற்றிலிருந்து 24 பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். ஜூலியன் 25-ஆவதாக வந்தார். ஓர் இடத்தில் தவறிப்போனது. இதைத் தோல்வி என்று எழுதக் கை வராது. பேரங்காடியில் பழகிய ஒருவர், பிறந்தது முதல் ஐஸோடு வளர்ந்தவர்களுடன் நின்று 25-ஆம் இடத்துக்கு வந்தார் என்றால், ஒழுங்கான ஒரு தளமும் தொடர்ந்த ஆதரவும் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார்?

பிரச்சினை இந்த இடத்தில்தான். 1940-களின் பூப்பந்து ஏழையும் ஆடிய ஆட்டம். ஒரு வலை, இரண்டு மட்டை, சமன் செய்த மண் தரை போதும். ஐஸ் ஸ்கேட்டிங் அப்படி இல்லை. தளத்தின் நேரத்துக்குக் காசு, காலணிக்குக் காசு, பயிற்றுநருக்குக் காசு, வெளிநாட்டுப் போட்டிக்கு விமானச் சீட்டு. பெற்றோரின் பணப்பைதான் தேர்வாளராக உட்கார்ந்திருக்கிறது. நாணய மாற்றுக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கோ, பட்டர்வொர்த் தொழிற்சாலையில் மாற்று நேர வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கோ அந்தத் தேர்வில் கலந்துகொள்ளவே வழியில்லை.

சக்கரத்தில் ஒரு குறுக்கு வழி

வழி ஒன்று இருக்கிறது, உலகம் அதை ஏற்கெனவே நடந்து காட்டிவிட்டது. இமாசலத்தின் மணாலி அருகே வளர்ந்த சிவா கேசவனின் தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். மல்லாந்து படுத்து ஐஸ் தடத்தில் பாயும் லூஜ் வண்டிப் போட்டி அவருடையது. இந்தியாவில் அதற்குத் தடம் இல்லை. வண்டிக்கு அடியில் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆடுகளும் போகும் இமயமலைச் சாலைகளில் பாய்ந்து பழகினார். 1998 நகானோவில் 16 வயதில் தொடங்கி, 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடினார். ஆசியப் பட்டங்களும் வென்றார்.

அமெரிக்காவின் எரின் ஜாக்சன் பிறந்த ஃபுளோரிடா மாநிலமும் பனிக்குப் பெயர் போன இடம் அல்ல. அவர் சக்கரக் காலணி வீராங்கனை. ஐஸில் சில மாதப் பயிற்சியோடு 2018 ஒலிம்பிக்கில் 24-ஆவதாக வந்தார். 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் வேகச் சறுக்கில் தங்கம் வென்றார். இது எப்படி முடிகிறது? சக்கரத்திலும் ஐஸிலும் உடல் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். முழங்காலை மடக்கித் தாழ உட்கார வேண்டும். காலைப் பின்னால் உதைக்காமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வளைவில் உள்பக்கம் சாய்ந்து, ஒரு காலை இன்னொன்றுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். தொடையில் ஏறும் பலமும் அதே பலம். ஐஸில் கத்தியின் ஓரத்தை உணர்வது மட்டும் புதிதாகப் பழக வேண்டியது.

சக்கரச் சறுக்கில் 2025-ல் உலக வாகையரானவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே போட்டியில் பெண்கள் அணிக்கு வெண்கலம் பெற்றுத் தந்தவர்களில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் அடக்கம். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேகச் சக்கரச் சறுக்குப் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். 500 மீட்டரில் வெண்கலம். வெயில் கொளுத்தும் மாநிலத்தின் தார்த் தரையில் பழகிய கால்கள் அவை. எரின் ஜாக்சன் போன பாதையின் முதல் பாதியை நம்மவர் ஏற்கெனவே முடித்துவிட்டார்.

செய்ய வேண்டியது

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிமெண்டுத் தரை இருக்கும். பத்துச் சோடி சக்கரக் காலணியும், வாரத்தில் இரண்டு மாலையும், தலைக்கவசமும், விஷயம் தெரிந்த ஒரு பயிற்றுநரும் கிடைத்தால் ஒரு பள்ளியில் வேலை தொடங்கிவிடும். அடுத்த கட்டத்துக்கு மாநில அரசு வளைவில் சாய்வு வைத்த முறையான சக்கரச் சறுக்குத் தடம் ஒன்றைக் கட்டித் தர வேண்டும். அதில் தேறும் பிள்ளைகளுக்கு, தேசிய விளையாட்டு மன்றம் பேரங்காடி ஐஸ் தளங்களில் விடியற்கால நேரங்களை மொத்தமாக வாடகைக்கு எடுத்து இலவசமாகக் கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் அரங்கம் எழுப்பி, திறப்பு விழா நடத்திவிட்டு மறந்துபோவதைவிட இது மலிவு. ஏழைப் பிள்ளைக்கும் எட்டும்.

கோயில் நிர்வாகங்கள், பள்ளிவாசல் அமைப்புகள், முன்னாள் மாணவர் சங்கங்கள், வணிகர்கள் எல்லாரும் கல்வி உதவிநிதிக்கு ஆண்டுதோறும் கொடுத்து வருகிறார்கள். அந்தப் பட்டியலில் விளையாட்டுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வேண்டிக் கேட்கிறோம். பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை சக்கரக் காலணி கேட்டால் முட்டி பெயர்ந்துவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். முழங்கால் கவசம் வாங்கிக் கொடுங்கள்.

1949-ல் மலாயாவுக்குச் சுதந்திரம் இல்லை, பணம் இல்லை, பனி இல்லை. ஆடுவதற்கு இடமும் ஆட விட்ட வீடுகளும் இருந்தன. கோப்பை வந்தது. இன்று மலேசியாவில் சுதந்திரமும் பணமும் இருக்கின்றன. ஆட இடமும் ஆட விடும் வீடும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தால், குளிர்கால ஒலிம்பிக் அணிவகுப்பில் நம் கொடிக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெயரும் நடக்கும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.